வாட்ச்காரரின் ஆறு விளக்குகள்

"நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒரு விளக்கு அணைஞ்சாலும் ஆறையும் பிடுங்கிக் குப்பையில போட்டுட்டு, நீ கேக்குற கரண்ட் பல்பையே மாட்டிடறேன். சரியா?"

குளிர்காலம் தொடங்கியதும், ஒரு காலத்தில் கடிகாரம் ரிப்பேர் பார்த்த வாட்ச்காரர் மருமகளிடம் விட்ட சவால் இது.

மருமகள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். அவள் கேட்டைத் திறக்க மணி ஏழாகும். ஆறுக்கே இருட்டிவிடும். கேட்டிலிருந்து வாசல்வரை மாமனார் ஊன்றிவைத்த சோலார் விளக்குகள்தான் வெளிச்சம்.

"பாக்கலாம் மாமா" என்றாள்.

பார்த்தார்கள். ஒரு மாதமாக ஒன்றுகூட அணையவில்லை.

எதிர்வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. எந்தச் சேதி கிடைத்தாலும் தெரு முழுக்க ஒலிபரப்புவதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அதே கடையில் வாங்கிய அதே விளக்கு, அவர் வீட்டில் ஆறரை மணிக்கே கண்ணை மூடியது.

"எப்படிண்ணே?"

"தகட்டை வெயில் பக்கமாச் சாய்ச்சு வை. காலையில பனியைத் துடை. நிழல் விழுற கிளையை வெட்டு."

ரேடியோ சாய்த்தார். துடைத்த துடைப்பில், தகட்டில் முகம் பார்த்து ஷேவ் செய்துகொள்ளலாம். வெட்டிய வெட்டில், மரம் விளக்குக் கம்பமாகிவிட்டது. பலன், ஆறேமுக்கால். அதற்கு மேல் ஒரு நிமிஷம் நகரவில்லை.

"எதையோ மறைக்கிறீங்க."

"சூரியன்கிட்ட நல்லதா நாலு வார்த்தை பேசிப் பாரேன்."

பேசியும் பார்த்தார்.

ஒரு நாள் மதியம், பொறுக்க முடியாமல் மதில்மேல் எட்டிப் பார்த்தார். வாட்ச்காரர் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து விளக்குகளைத் திறந்து, பேட்டரிகளை உருவிக்கொண்டிருந்தார். பிறகு நேராகச் சமையலறை. அங்கே ஜன்னல் வழியே தெரிந்தது ஒரு சார்ஜர். வீட்டுக் கரண்ட்!

அன்று சாயங்காலம் தெருமுனையிலேயே மருமகளை மடக்கினார் ரேடியோ.

"ஏம்மா, சூரியனாவது சந்திரனாவது! உங்க வீட்டு பிளக்குல சார்ஜ் ஏத்தி உன்னை நல்லா ஏமாத்துறார் உன் மாமனார்!"

"மெதுவாப் பேசுங்கண்ணே. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"அவருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? விரலுக்கு வேலை குடுங்கன்னு டாக்டர் சொன்னார். ரப்பர் பந்தைக் குடுத்தா, நான் என்ன பச்சைக் குழந்தையான்னு தூக்கி எறிஞ்சார். இப்பப் பாருங்க, தினம் ஆறு மூடி, பன்னிரண்டு ஸ்க்ரூ. கழட்ட ஒரு தடவை, மாட்ட ஒரு தடவை. என்னை ஜெயிக்கணுமாம்!"

ரேடியோ வால்யூமைக் குறைத்துக்கொண்டார்.

"இருந்தாலும்... நாள் பூரா பஸ் ஓட்டிட்டு ஏழு மணிக்குக் களைச்சுப் போய் வர்ற பொண்ணுகிட்ட இப்படியா விளையாடுறது?"

"யார் களைச்சுப் போனா? பத்து நாளா எனக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு. மூணு மணிக்கே பஸ்ஸை டிப்போவுல விட்டுடறேன். பகல்லயே வீட்டுக்கு வந்துட்டா, அப்புறம் அவர் எதுக்காக ஸ்க்ரூ கழட்டுவார்? அதான் ஏழு வரைக்கும் லைப்ரரி. அங்க இருக்கிற புஸ்தகத்துல கால்வாசி முடிச்சுட்டேண்ணே!"