சினமற்ற காலை

நீர்வேலியில் காலை வெயில் வாழைத்தோட்டத்தைக் கடந்து வந்து, கூடத்தின் சிவப்புச் சீமெந்துத் தரையில் படிகிறது. அங்கே பாயில் முதுகை நிமிர்த்தி, கண்களை மூடித் தியானத்தில் அமர்ந்திருக்கிறார் சபாநாதர். இடுப்பெலும்பு முறிந்து அறைக் கட்டிலில் கிடக்கும் மனைவி புவனேசுவரிக்கு, திறந்த கதவினூடே அவருடைய நெற்றி தெரிகிறது. அதில் ஒரு சுருக்கமும் இல்லை. கட்டிலருகே, இருந்தபடியே சலம் கழிப்பதற்கான கொமட் கதிரை இருக்கிறது. அதில் அவளைத் தூக்கி இருத்துவதற்கு இன்னோர் ஆள் வேண்டும். "இஞ்சருங்கோ, என்னை ஒருக்காத் தூக்கி விடுங்கோ. அடக்கேலாமல் கிடக்கு." அவருடைய உதடுகள் மட்டும் அசைகின்றன: "ஒலி... ஒலி..." காதில் விழுவது எதுவானாலும் அதற்கு ஒலி என்று பெயரிட்டுப் போகவிட வேண்டும் என்பது கைத்தொலைபேசி வழியே அவர் கற்ற பயிற்சி. வேலிக்கு அப்பால் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இரைகிறது, அதுவும் ஒலிதான். அவள் படுக்கை விரிப்பை இறுகப் பற்றுகிறாள், பல்லைக் கடிக்கிறாள், இன்னொரு முறை அழைக்கிறாள். பிறகு அழைப்பதை நிறுத்திவிடுகிறாள். தொடையின் கீழே சூடு பரவி, மெத்தையின் ஓரத்தால் சொட்டுகிறது.

கைத்தொலைபேசியில் தியானம் முடிந்ததற்கான மணி ஒலிக்கிறது. எழுந்து வந்து அறை வாசலில் நிற்கும் சபாநாதர், நனைந்த விரிப்பைப் பார்த்துப் புன்னகைக்கிறார். "பாத்தீரோ, எனக்குக் கோவம் வரேல்லை. போன வருசமெண்டால் வீடே அதிர்ந்திருக்கும்."

"ஓம். அப்ப ஏசிக்கொண்டெண்டாலும் ஓடிவந்து தூக்குவியள்."

சபாநாதர் தலையசைத்து அதை ஆமோதித்துவிட்டு, தமக்கொரு தேநீர் வைக்க அடுக்களைப் பக்கம் நடக்கிறார்.