துணைக்கு ஒரு அழுகை

தொட்டிலில் தம்பி சிணுங்கினான்.

கூடத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சுண்டு, மீதியைத் தட்டில் பத்திரமாக வைத்தாள். முக்காலியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டு ஏறி உட்கார்ந்தாள். ஃபிராக்கைச் சரிசெய்துகொண்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமினாள்.

தம்பி வீறிட்டான்.

"ஆ... ஆ... ஆ...!" என்று சுண்டுவும் ஆரம்பித்தாள்.

கண்ணில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் தொண்டைதான். ஆனால் என்ன தொண்டை! தம்பியே ஒரு கணம் நிறுத்திவிட்டு, 'யாரு இது நமக்குப் போட்டியா?' என்பதுபோல் விழித்தான். பிறகு அவனும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. அப்பா. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கியவர்களின் புகார்களை வீட்டிலிருந்தே போனில் கேட்டு எழுதுவது அவர் வேலை.

"சுண்டு! வாயை மூடுறியா இல்லையா? லைன்ல இருக்கிறவரு, 'சார், என் மெஷின் கிடக்கட்டும், உங்க வீட்ல யாரையோ அடிக்கிறாங்க, முதல்ல அதைப் போய்ப் பாருங்க'ங்கிறாரு!"

சுண்டு இன்னும் உரக்க இழுத்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, தம்பியைத் தூக்கி மார்போடு அணைத்தாள். அவன் அடங்கினான். மறு நொடியே சுண்டுவும் அடங்கினாள், குழாயை மூடியதுபோல. இறங்கிப் போய் மீதி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

தம்பி பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம். தும்மினால் பயம். தூங்கினால், மூச்சு வருகிறதா என்று பயம். இப்போது பெற்ற மகளைப் பார்த்தே பயம்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" என்றாள் ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனார். "பொறாமை! இத்தனை நாள் வீட்டுக்கு அவ ஒருத்திதான் ராணி. திடீர்னு பங்குக்கு ஒருத்தன் வந்தா விட்ருவாளா?"

"அப்படி இருக்காது அண்ணி. அவன்கிட்ட பிரியமாத்தான் இருக்கா."

"இன்னிக்குக் கத்துறா. நாளைக்குக் கிள்ளுவா. வேணும்னா பாரு."

அதிலிருந்து, குளிப்பாட்டும்போதெல்லாம் தம்பியின் கைகால்களை அம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கிள்ளிய தடம் ஒன்றுகூட இல்லை. அதற்கும் பயந்தாள், கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துக் கிள்ளுகிறாளோ என்று.

கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

"உங்க வீட்ல எத்தனை குழந்தைங்க?"

"ரெண்டு."

"எனக்கு எட்டு கேக்குதே!"

போகிற போக்கில், "சின்னவன் பரவாயில்லை. பெரியவதான் மூச்சே விடாம இழுக்கிறா" என்று, பாராட்டா புகாரா என்று பிரிக்க முடியாதபடி சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்பா அதட்டினார். அத்தை காதைத் திருகினாள். அம்மாவும் ஒருநாள் பொறுமை இழந்து முதுகில் ஒன்று வைத்தாள். ஊஹூம். தம்பி வாயைத் திறந்தால் சுண்டுவும் முக்காலியோடு ஆஜர்.

ஒன்றுதான் அம்மாவுக்குப் புரியவில்லை.

ஒருநாள் அப்பா வெளியே போயிருந்தார். அத்தை கடைக்குப் போயிருந்தாள். தம்பி வீறிட்டான். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தாள். வரவேயில்லை. கண்ணைத் திறந்தால், சுண்டு தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"சுண்டு... நீ அழலையா?"

"இப்ப எதுக்கு?" என்றாள் சுண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இதை அம்மா நாத்தனாரிடம் வாய்விட்டுச் சொன்னது தப்பாகப் போயிற்று.

"பார்த்தியா? ஆள் இருந்தாத்தான் அழுறா! அத்தனையும் நடிப்பு. நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்புறப்போ அவளையும் கூட்டிட்டுப் போறேன். பிள்ளை எழுந்து நடக்கட்டும், அப்புறம் கொண்டுவந்து விடுறேன். அதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

அப்பா தலையாட்டினார். 'என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்' என்று சொல்லத்தான் அம்மா வாயைத் திறந்தாள். 'நாளைக்குக் கிள்ளுவா' என்ற பேச்சு காதில் ஒலித்தது. அவளும் தலையாட்டிவிட்டாள்.

சுண்டு அடம் பிடிக்கவில்லை. தானே பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து பைக்குள் போட்டாள். அடம் பிடித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அம்மாவுக்கு.

மறுநாள் வாசலில் அத்தை ஒரு கையில் பையையும் மறு கையில் சுண்டுவையும் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

உள்ளே தம்பி வீறிட்டான்.

அத்தை அவசரமாகக் குனிந்து சுண்டுவின் வாயைப் பொத்தினாள். வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு ஒற்றைக் குரல் மட்டும் கேட்டது.

"ஏம்மா, பிள்ளை அழுறது காதுல விழலையா? மரம் மாதிரி நிக்கிறே?" என்றாள் அத்தை.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. "ஒரு பிள்ளையைச் சமாளிக்கத் தெரியாதா உனக்கு? நாள் பூரா வீட்ல அப்படி என்னதான் பண்றே?" என்று அப்பா கத்தினார்.

"அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தியா இல்லையாம்மா?" என்று கீழிருந்து இன்னொரு குரல்.

சுண்டு, வாயிலிருந்த கையை விலக்கிவிட்டு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"கேட்டியாம்மா? நான் போயிட்டா, இந்தத் திட்டையெல்லாம் உனக்குப் பதிலா யாரு வாங்குவாங்க?"