பிஸ்தாவின் ஃபோல்டர்

கருப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பழகும் வகுப்பு. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

“இங்க அழிச்சா அழிச்சதுதான், திரும்பி வராது” என்றார் மேடம்.

வகுப்பில் பிஸ்தா என்ற பையனை மட்டுமே அவர் பாராட்டுவார். எனக்கு வயிறு எரியும். அவன் ஃபோல்டரில் இருந்த பன்னிரண்டு கோப்புகளையும் அழித்தேன். மறுநாள் அதே பன்னிரண்டும் திரும்பி வந்து, கூடவே ஒன்று சேர்ந்து பதிமூன்று இருந்தன. அழித்தேன். அதற்கு மறுநாள் பதினான்கு.

அந்த வாரக் கடைசியில் பிஸ்தா கேட்டான்: “உன் கோப்பையெல்லாம் எதுக்குடா என் ஃபோல்டர்ல போடற? நாளைக்குப் பரீட்சைக்கு உனக்கு வேணாமா?”

என் ஃபோல்டரைப் பார்த்தேன். அழித்த நாளுக்கு ஒன்றாகக் குறைந்து, ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. பிஸ்தாவுடையதில் அவன் பன்னிரண்டுக்கும் கீழே என் பெயர் போட்ட கோப்புகள் வரிசையாக நின்றன. அன்றைய அழிக்கும் கட்டளையை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேன், என்டர்தான் பாக்கி. விரலை எடுத்துவிட்டேன்.

மேடம் பின்னால் வந்து நின்றார்.

“பிஸ்தாவப் பாத்துக் கத்துக்கோப்பா.”

என்டரைத் தட்டினேன்.