பஞ்சில் இறங்காத மை

வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பதும் யானையைக் கட்டித் தீனி போடுவதும் ஒன்றுதான் என்று டியூஷன் டீச்சர் அலுத்துக்கொண்டாள். அச்சிடுவது எப்போதாவது ஒரு கேள்வித்தாள். கறுப்பு மை மட்டும் மாதாமாதம் தீர்ந்துபோனது.

"ஆன் பண்றப்பெல்லாம் அது தன்னைச் சுத்தம் பண்ணிக்கும்க்கா. அந்த மை அடியில இருக்கற பஞ்சுல இறங்கிடும்" என்ற மெக்கானிக், கழற்றிக் காட்டினார். பஞ்சு வெள்ளைவெளேரென்று இருந்தது.

"அப்போ எங்கதான் போகுது?"

அவர் பஞ்சைத் திரும்ப மாட்டினார். "பேசாம பிளக்கைப் பிடுங்கி வைங்க."

பிடுங்கினாள். ஆனால் அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனைத் தேடுவதற்காக அவன் படத்தை இந்தப் பிரிண்டரில்தான் அச்சிட்டிருந்தாள். மிஞ்சிய ஒரு தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். ஒட்டும்போது மழுமழு முகம். இரண்டு வருடத்தில் படத்தில் மீசை அரும்பி, தாடியும் வந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கிய வாரமே படத்தின் கண்கள் சாம்பலாக வெளுத்தன. கடைக்கு ஓடிப் புது மை வாங்கிப் போட்டு, பிளக்கைச் செருகினாள். தாள் எதுவும் வரவில்லை. பிரிண்டர் வழக்கம்போல் தனக்குள் முனகிவிட்டு அடங்கியது.

காலையில் கண்கள் கறுத்திருந்தன. நெற்றியில் புதிதாக ஒரு வெட்டுக்காயம், நாலு தையலோடு.