எட்டுக் கிழமைப் பத்தியம்

வேலிக்குள்ளால் நீண்டிருந்த கையை மணிக்கட்டில் எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான் சின்னராசா. வேலியின் ஓலைக் கிடுகு கிழிந்தது. அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுச் சிவரூபனின் முகம் வேலிக்கட்டையில் மோதி, மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது.

“பிடிச்சிட்டன்! ஆறு கிழமையா என்ட பிள்ளையைக் கொல்லுற கை இதுதானே?”

பிள்ளை என்றது ராணியை. உரோமம் கொட்டி, சொறிந்து சொறிந்து விலாவெல்லாம் புண்ணாகிப்போன அந்த நாய், அவன் காலுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றது.

நகரத்து மிருக வைத்தியர் நஸ்ரின் சொன்னது இன்னும் அவன் காதில் நின்றது. “இனி ஊசி போட ஏலாது, அண்ணன். இதுட ஈரல் தாங்காது. மீன்தான் இதுக்கு ஒத்துவரல்ல. எட்டுக் கிழமைக்கு ஒரு துண்டு மீன், ஒரு சொட்டு மீனாணம்கூட வாயில படக் கூடாது. அதுக்கும் சுகம் வராட்டி, வேதனை இல்லாமப் போக விடுறதுதான் நல்லது.”

மீன்பிடி ஊரான சல்லியில் மீன் படாத வாய் ஏது? ஆனாலும் சின்னராசா விடவில்லை. குசினியில் மீன் சமைப்பதை நிறுத்தினான். பிடித்ததைக் கரையிலேயே விற்று, சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் படலையைத் திறந்தான். தினமும் புண்களைக் கழுவி, தகப்பன் காட்டித்தந்த ஈரல் எண்ணெயைப் பூசி, சோறும் பூசணிக்காயும் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினான்.

ஏழாம் கிழமையும் பிறந்துவிட்டது. புண் ஆறவில்லை. யாரோ களவாக மீன் போடுகிறார்கள் என்று நினைத்தான். இரண்டு நாளாக அந்த வேலியையே பார்த்துக்கொண்டிருந்தான். “சல்லி நாய்க்குப் பூசணிக்காயோ?” என்று அதற்கப்பால் நின்று சிரித்தவன் சிவரூபன் ஒருவன்தான்.

பிடித்த கையை மூக்கருகே கொண்டுபோனான். முப்பது வருடம் கடலில் பழகிய மூக்கு அது. மீன் சூடையா, பாரையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

“சுறா! சுறா மணக்குதடா! எங்க போட்டனி துண்டை?”

“ஐயோ, இல்லை அண்ணை. அம்மாளாணை நான் ஒண்டும் குடுக்கல்ல.”

சின்னராசா அந்தக் கையை வேலிக்கட்டையில் வைத்து அழுத்தினான். மற்றக் கையிலிருந்த துடுப்பு இறங்கியது. மூன்று விரல்கள் ஒரே அடியில் முறிந்தன. சிவரூபன் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

சிவரூபனின் மனைவி லோஜினி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “பாவி! அந்தக் கையில காப்புக் கட்டியிருக்கிறது உனக்குத் தெரியல்லையோ? தீ மிதிக்க நேந்திருக்கிறார். பத்து நாளா எங்கட அடுப்பில மீன் சட்டி ஏறல்ல!”

மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூல் அப்போதுதான் சின்னராசாவின் கண்ணில் பட்டது. அது பாதி சிவந்திருந்தது.

“விரதமாம் விரதம்! விரதக்காரன்ட கை என்னண்டு மணக்கும்?”

இரண்டாவது அடி தோளில் விழுந்தது. கிடுகோடு சரிந்து சிவரூபன் இந்தப் பக்கம் விழுந்தான். சின்னராசா அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, துடுப்பைத் தொண்டையில் வைத்து அமர்த்தினான்.

“மீனைத் தொடல்லையெண்டா வேற எதைத் தொட்டனி? சொல்லு! சொல்லாட்டி இதிலேயே முடிச்சிருவன்.”

சிவரூபனுக்கு மூச்சு வரவில்லை. லோஜினி இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்து இழுத்தாள். அது மெல்லத் தளர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் சளக், சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னராசா திரும்பிப் பார்த்தான். ராணி கழுத்தை வளைத்து, காலையில் அவன் பூசிவிட்ட சுறா ஈரல் எண்ணெயை விலாவிலிருந்து ஒரு சொட்டு விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

சிவரூபன் இரத்தம் படிந்த உதட்டை மெல்லத் திறந்தான்.

“பாவமெண்டு ராணியைத் தடவினனான், அண்ணை.”