புற்று மண்ணின் வாசனை

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கட்டெறும்பு ஒன்று, செவ்வெறும்புகளின் புற்றில் தானியம் சுமந்தது. அந்நிய வாசனை தெரியக்கூடாதென்று தினமும் வாசலில் புற்றுமண்ணில் புரண்டுவிட்டுத்தான் உள்ளே போகும்.

ஒருநாள் கூரை சரிந்து அதன் காலை நசுக்கிவிட்டது.

"நியாயம் கேட்கப் போறியா?" என்றது மேஸ்திரி எறும்பு. "தாராளமாப் போ, தாயி. தீர்ப்புச் சொல்ற ஆமையார் முதல்ல உன்னை மோந்துதான் பார்ப்பார். அப்புறம் உனக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான்."

கட்டெறும்பு ஆமையிடம் போகவில்லை. நொண்டுவது தெரியாமலிருக்கக் கூட்டத்தின் நடுவிலேயே நடந்தது. மழைக்காலம் வந்து போனது. கால் காய்ந்து உதிர்ந்தது. இனிச் சுமக்காது என்று தெரிந்ததும் மேஸ்திரியே அதை வெளியே தள்ளியது. பயப்பட இனி என்ன இருக்கிறது என்று அது ஆமையிடம் ஊர்ந்துபோனது.

ஆமை மோந்து பார்க்கவில்லை.

"புற்றுக்குள் அடிபட்டவர் யாரானாலும் உட்கார்ந்து சாப்பிடப் பங்கு உண்டு. எந்தப் பக்கத்து ஆள் என்று நான் கேட்பதே இல்லையே, அம்மா" என்றது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டது. "ஆனால் மழைக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். கெடு முடிந்துவிட்டது."

திரும்பும் வழியில் புற்று வாசல் வந்தது. பழக்கத்தில் மண்ணில் புரளக் குனிந்தது கட்டெறும்பு. எதற்கு என்று தோன்றியது. நிமிர்ந்து, வாய்க்காலைப் பார்த்து நடந்தது.