வெர்லினுக்கு ஒரு துப்பாக்கி

உள்ளூரில் வாங்கினால் ஊர் பேசும். அதனால் பக்கத்து நகரமான ஹூரான் வரை வண்டி ஓட்டிப் போனேன்.

"இத்தாலிச் சரக்கு, பெரியவரே. காலத்துக்கும் உழைக்கும்" என்றான் கடைக்காரன்.

"விலையைப் பாத்தா நானும் காலத்துக்கும் உழைக்கணும்போல. மலிவா ஒண்ணு காட்டு. ஒரு குழல் மேல இன்னொரு குழல் இருக்கணும், நடுவுல மடங்கணும்."

துருக்கித் துப்பாக்கி ஒன்றை எடுத்தான். அவனைக் கடையின் மறுகோடிக்குப் போய் அதை மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். குழல் இரண்டும் காலியாக இருப்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"அப்படி என்ன பாக்குறீங்க?"

"தோட்டா இல்லன்னு தூரத்துலயே தெரியணும். இது என் கூட்டாளி வெர்லினுக்கு. அவன்கிட்ட இருக்குறது பம்ப் துப்பாக்கி. உள்ள என்ன கிடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை ஃபெசன்ட் கோழி வேட்டை தொடங்குது. ஒரு வருஷமா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கான். இப்பவும் வெளிய வரலேன்னா ஆளு அவ்வளவுதான்."

கடைக்காரன் சிரித்தான். "கூட்டாளியவே நம்பமாட்டீங்களா?"

"நான் யாரையும் நம்பமாட்டேன். உன்னையும்தான். பில்லைப் போடு."

"நம்பிக்கை இல்லேன்னா விடுங்களேன். அவரு வேற யார்கூடயாவது போகட்டும்."

"வேற யாரும் அவனைச் சேத்துக்க மாட்டாங்க" என்றேன், துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டே. "போன வருஷம் சோளக்காட்டு வேலியைத் தாண்டுறப்ப அவன் துப்பாக்கி வெடிச்சிருச்சு. கூடப் போன பையன் அங்கேயே செத்துட்டான்."

கடைக்காரன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "யாரு பையன்?"

"என் பையன்."